மூன்றாவது மாடிக்கு ஒரு முக்காலி

லிஃப்ட் இல்லாத ஆஸ்பத்திரியில் அவர் ஒன்பது வருடமாக லிஃப்ட் ஆபரேட்டர். பொய்யில்லை, கழுத்தில் அடையாள அட்டையே தொங்குகிறது. ஆளை முதலில் போட்டார்கள். லிஃப்ட் பின்னாலேயே வரும் என்றார்கள். ஒவ்வொரு வருடமும் அதற்கு அரசாங்கப் பணம் வரும். கோப்பு ஒரு மேஜையில் கொட்டாவி விட்டு, அடுத்த மேஜையில் தூங்கி எழுவதற்குள் வருடம் முடிந்துவிடும். பணம் வந்த வழியே திரும்பிப் போகும். லிஃப்டுக்காக விட்டிருந்த குழியைப் பலகை அடித்து மூடிவிட்டார்கள்.

சும்மா உட்கார அவருக்குக் கூச்சம். உட்காரக் கொடுத்த முக்காலியைத் தூக்கிக்கொண்டு, படியேற முடியாதவர்களோடு கூடவே ஏறுவார். திருப்பத்துக்குத் திருப்பம் அதைப் போட்டு, "உக்காருங்க, நாம என்ன ரயிலா பிடிக்கப் போறோம்?" என்பார். மூன்றாவது மாடிக்கு இருபது நிமிடம். அதற்குள் போன் பண்ணாத மகன், பக்கத்து வீட்டு நாய் என்று எல்லாக் கதையும் வந்துவிடும். வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. மனைவி இறந்த பிறகு அங்கே வாய் திறப்பது குழாய் ஒன்றுதான், அதுவும் தண்ணீர் வந்தால்.

ஒரு வியாழக்கிழமை, ஒதுக்கிய பணத்தை ஏன் செலவழிக்கவில்லை என்று விசாரிக்க ஓர் அதிகாரி அம்மா வந்தார். அதற்கு முன்பே மானேஜர் ஓடி வந்திருந்தார்.

"யோவ், கேட்டா ரிப்பேர்னு சொல்லு."

"வாங்காத சாமானுக்கு என்ன சார் ரிப்பேரு?"

"உன் நக்கலை மூட்டை கட்டி வை."

அதிகாரிக்கு முழங்கால் வலி. மானேஜர் அறையோ மூன்றாவது மாடி. மானேஜர் டீ சொல்ல மேலே ஓட, அம்மா படியில் மாட்டிக்கொண்டார். முக்காலி கூடவே போனது. இரண்டாவது திருப்பத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"லிஃப்ட் ரிப்பேர்னு மானேஜர் சொன்னாரே, எத்தனை நாளாப்பா?"

பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. சொன்னால் படிக்கட்டும் அந்த இருபது நிமிடமும் இன்னும் ஒரு வருடம் அவருக்கே. லிஃப்ட் வந்தால் அரை நிமிடம். அரை நிமிடத்தில் யார் எதைச் சொல்வார்கள்?

கீழே எட்டிப் பார்த்தார். வாராவாரம் நெஞ்சைக் காட்ட வரும் தையல்காரர், கம்பியைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். இருப்பது ஒரே முக்காலி.

"லிஃப்டே கிடையாதும்மா. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்களே, அதுதான்."

அம்மா சிரிக்கவில்லை. திரும்பும்போது பலகையைப் பிரிக்கச் சொல்லி, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ஒன்பது வருடக் குப்பையும் ஒற்றைச் செருப்பும் கிடந்தன. அம்மா மானேஜர் பக்கம் திரும்பினார்.

"இந்த வருஷப் பணம் திரும்பி வந்துச்சுன்னா, நானும் திரும்பி வருவேன் சார்."

ஆறு மாதத்தில் லிஃப்ட் வந்தது. உள்ளே முழு நீளக் கண்ணாடி. ஏறுகிறவர்கள் அவரைப் பார்ப்பதில்லை. கதவுக்கு மேலே மாறும் எண்ணைப் பார்க்கிறார்கள். முக்காலி மூலையில் நிற்கிறது.

வியாழக்கிழமை தையல்காரர் ஏறினார்.

"வாங்கண்ணே. மருமக பெட்டியோட கிளம்பினதோட விட்டீங்களே, திரும்பி வந்தாங்களா?"

"அதை ஏன் கேக்கறே தம்பி, அன்னிக்கு விடியறப்போ பாத்தா..."

மணி அடித்தது. கதவு திறந்தது. வெளியே நாலு பேர் டாக்டர் அறைக்கு முண்டியடித்தார்கள்.

"அடுத்த வாரம் சொல்றேன்" என்று தையல்காரர் இறங்கிவிட்டார்.

அவர் கீழே போகும் பொத்தானை அழுத்தினார். தரைத்தளம் வரும்வரை கண்ணாடியில் அவரும் முக்காலியும்தான்.