என்ஜினுக்குக் காது கொடுத்தவர்

முகத்துவாரக்குப்பத்தில் அன்று மாலை நான்தான் பேச்சாளர். "டெல்லி சீக்கிரம் படுத்துவிடும், நம் மாநிலம் சொந்தக் காலில் நிற்க வேண்டும்" என்று நான் முழங்கியபோது கரண்ட் போனது. மைக் செத்தது. கூட்டம் என்னைப் பார்க்கவில்லை. கடைசி வரிசையில் இருந்த, மீன்பிடி போட்டுகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தது.

ஒல்லியான மனிதர். முழங்கை வரை கிரீஸ். கரையில் கிடந்த போட்டு என்ஜின் ஒன்றை நாலு பேரோடு தூக்கிவந்து, பழைய டைனமோ ஒன்றில் பெல்ட் மாட்டி ஓடவிட்டார். பிறகு திருப்புளியின் முனையை என்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். எதையோ அரைச் சுற்று முறுக்கினார். மைக்குக்கு உயிர் வந்தது. விசிலும் கைதட்டலும் அவருக்கு! முக்கால் மணி நேரம் தொண்டை கிழியக் கத்திய எனக்கு அதில் கால்வாசிகூட இல்லை.

கூட்டம் முடிந்ததும் அவரை மடக்கினேன். "டெல்லி படுத்துட்டா நம்ம மாநிலம் தனியா தாக்குப்பிடிக்குமா, சொல்லுங்க?"

திருப்புளியை லுங்கியில் துடைத்தார். "அத்த வுடு தலைவரே. கோட்டையும் படுத்துட்ச்சின்னா இன்னா பண்ணுவே?"

"நீங்க என்ன பண்ணுவீங்க?" என்று திருப்பிக் கேட்டேன்.

"காலைல பதினெட்டு போட்டு ஸ்டார்ட் ஆவணும். அத்த பாத்துகினு இருப்பேன்."

மறுநாள் ராயபுரத்தில் என் வீட்டு ஃப்ரிட்ஜின்மேல் ஒரு திருப்புளியை ஊன்றிக் காதில் வைத்தேன்.

"இன்னா கேக்குது?" என்றாள் மனைவி.

எனக்கு இரைச்சலைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை.

"சீக்கிரம் படுத்துடும்" என்றேன்.