வெள்ளைக் கூரை வீடு

யன்னலைத் திறந்து என் மனுசனை விழுத்தியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் யார் யாரோடு சண்டை பிடித்தேன் என்று சொல்லும்போது, இவளுக்கென்ன பைத்தியமா என்று ஒருவரும் கேட்கக்கூடாது.

அப்போது பென்டில் ஹில்லில் வாடகை வீட்டில் இருந்தோம். அவர் இருதய ஒப்பரேஷன் முடிந்து வேலையை விட்டிருந்தார். உடம்பில் நீர் தங்காமல் இருக்க ஒரு குளிசை, இரத்த அழுத்தத்துக்கு இன்னொன்று. இந்தக் குளிசைகளோடு வெக்கையில் இருக்கக்கூடாது என்று டொக்டர் ஒருமுறைக்கு மூன்றுமுறை சொல்லியிருந்தார். நாங்களும் ஏசியை நம்பி இருந்தோம். இங்கே தை மாதம்தான் உச்சக் கோடை. அதில் ஒருநாள், வெளியே நாற்பத்துநாலு பாகை, மத்தியானம் கரண்ட் போனது.

ஏசி நின்றதும் யாழ்ப்பாணத்தில் பிறந்த எவளும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முன்கதவு, பின்கதவு, இருக்கிற யன்னல் எல்லாவற்றையும் ஆவென்று திறந்துவிட்டேன். "காத்து வரட்டும்" என்றேன். காற்று வந்ததுதான். ஆனால் அது கடலைத் தொட்டுவிட்டு வரும் எங்களூர்க் காற்று இல்லை. இந்த நாட்டின் நடுவிலுள்ள பாலைவனத்தில் சூடேறிப் புறப்பட்ட காற்று. பாண் சுடுகிற போறணை அடுப்பின் வாயைத் திறந்ததுபோல வீட்டுக்குள் வந்தது. அரை மணித்தியாலத்தில் அவர் கதிரையில் இருந்தபடியே சரிந்தார். கையைப் பிடித்தேன், சுட்டது. வியர்வை ஒரு துளி இல்லை. அம்புலன்ஸில் வந்த பெண் உள்ளே நுழைந்ததும் தன்னோடு வந்தவனிடம் யன்னல்களைச் சாத்தச் சொன்னாள். என்னை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான் இரத்தப் பரிசோதனை நிலையமொன்றில் இரத்தம் எடுக்கிற வேலை செய்கிறேன். அங்கே எனக்குப் பக்கத்தில் வேலை செய்கிற வெள்ளைக்காரி பாலைவன ஓரத்துச் சுரங்க ஊர் ஒன்றில் வளர்ந்தவள். அவர் ஆஸ்பத்திரியில் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நான் கதையைச் சொன்னதும், ஏன் திறந்தாய் என்று உண்மையாகவே விளங்காமல் கேட்டாள். அவர்கள் வீட்டில் கோடையில் காலை எட்டு மணிக்கு எல்லாம் பூட்டிவிடுவார்களாம். வெளியே குளிர்ந்த பிறகுதான் திறப்பார்களாம். அவளுக்கு அது பல் விளக்குவது மாதிரி ஒரு பழக்கம்.

வெக்கையிலும் இரண்டு வகை உண்டு என்பது அன்றைக்குத்தான் என் மண்டைக்குள் ஏறியது. ஒன்று ஆளை நனைக்கும், அதற்குக் காற்று வேண்டும். மற்றது ஆளைக் காயவைக்கும், அதைப் பகல் முழுக்க வாசலுக்கு வெளியே நிறுத்த வேண்டும். இருபது வருடமாக இந்த நாட்டில் இருந்தும் என் கைக்கு முதலாவதுதான் தெரிந்திருந்தது.

மேற்கே இன்னும் தள்ளி, கடற்காற்று எட்டியும் பார்க்காத ஒரு புதுக் குடியிருப்பில் ஏற்கனவே காணி வாங்கியிருந்தோம். கரண்ட் இல்லாத நாளிலும் இந்த மனுசன் உயிரோடு இருக்கக்கூடிய வீடு அங்கே எழும்ப வேண்டும் என்று முடிவெடுத்தேன். மாபிள் தரையும் வேண்டாம், மாடியும் வேண்டாம், இது ஒன்று போதும்.

வீடு கட்டிக் கொடுக்கிற கொம்பனியின் விற்பனைக்காரர் ஒரு படத்தைக் காட்டினார். மேற்கைப் பார்த்து ஒரு சுவர் முழுக்கக் கண்ணாடி. கூரை கரிக்கறுப்பு. சீலிங்குக்கு மேலே பெரிய ஏசி. நான் பேனையை எடுத்து அந்தப் படத்திலேயே கீறத் தொடங்கினேன். கராஜ் மேற்கே வரவேண்டும். பின்னேர வெயிலைக் கார் தாங்கட்டும், என் மனுசன் ஏன் தாங்க வேண்டும்? மேற்கில் ஒரு யன்னலும் வேண்டாம். இருக்கிற அறை வடக்கே, இந்த நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகத்தான் போகும், அதனால் அதற்கு மேலே உச்சி வெயில் உள்ளே விழாதபடி அகலமான தாழ்வாரம். வீட்டின் நடுவில் இரவுக் குளிரைப் பிடித்து வைக்க ஒரு தடித்த செங்கல் சுவர். கூரைக்கடியில் வெக்கையைத் தடுக்க அவர்கள் போடுகிற பஞ்சைப் போல இரண்டு மடங்கு. கூரை வெள்ளை.

மேற்குப் பக்கக் காட்சியை இழந்துவிடுவீர்களே என்றார். அங்கே பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டிதானே தெரியும் என்றேன். இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்றார். அப்படியென்றால் நான்தான் முதல் ஆள், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். அவர் எழுதினார்.

கூரையில்தான் கதை சிக்கியது. அந்தக் குடியிருப்பை நடத்துகிற கொம்பனியிடம் கூரை நிறத்துக்கு ஒரு பட்டியல் இருந்தது. கரி, நள்ளிரவு, எரிமலை என்று விதவிதமான பெயர்கள். எல்லாம் கறுப்புத்தான். வெள்ளை கண்ணைக் கூசவைக்கும், தெருவின் அழகு கெடும் என்று பதில் வந்தது. பணிவாக ஒரு கடிதம் எழுதினேன், மாட்டோம் என்றார்கள். டொக்டரின் கடிதத்தையும் வைத்து இன்னொன்று எழுதினேன், வருந்துகிறோம் என்றார்கள். மூன்றாம் முறை நான் கடிதம் எழுதவில்லை. கூரைத் தகட்டில் கறுப்பில் ஒரு துண்டும் வெள்ளையில் ஒரு துண்டும் வாங்கிக்கொண்டு அவர்களுடைய அலுவலகத்துக்குப் போனேன். நல்ல வெயில். இரண்டையும் வாசற்படியில் வைத்துவிட்டு ஒரு மணித்தியாலம் உள்ளே குந்தியிருந்தேன். பிறகு பொறுப்பானவரை வெளியே கூப்பிட்டு, தொட்டுப் பாருங்கள் என்றேன். அவர் வெள்ளையில் கை வைத்தார். கறுப்பில் விரலை வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். "என்ர மனுசன் அதுக்குக் கீழ படுக்கவேணும்" என்று தமிழிலேயே சொன்னேன். ஆத்திரத்தில் எனக்கு இங்கிலீஷ் வராது. அடுத்த கிழமை அனுமதி வந்தது.

கொம்பனிக்காரரை வென்றாலும் எங்கடை ஆட்களை வெல்வது லேசில்லை. பென்டில் ஹில்லில் எங்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அன்ரி ஒருவர், மகனோடு அதே குடியிருப்பில் கறுப்புக் கூரை வீடொன்றுக்கு வந்திருந்தார். மனதில் பட்டதை வாயில் வைத்திருக்கத் தெரியாதவர். கூரை போட்ட அன்று பார்க்க வந்தார், அண்ணாந்து பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது? வெள்ளை கட்டின செத்த வீடு மாதிரிக் கிடக்கு. வருத்தக்கார மனுசனை வைச்சுக்கொண்டு இப்பிடியே செய்யிறது?"

எங்களூரில் சாவு விழுந்த வீட்டில் வெள்ளைத் துணி கட்டுவது வழக்கம். "அன்ரி, கறுப்புக் கூரைக்குக் கீழ இவர் செத்தா மட்டும் நீங்கள் கறுப்பே கட்டப் போறியள்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற இவர் சிரித்துவிட்டார். அன்ரி சிரிக்கவில்லை. அதன்பிறகு அவர் எங்கள் படலைப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வாய்க்கு வாய் கொடுத்தேனே தவிர, அந்தச் சொல் என்னை விடவில்லை. வேலை முடிந்து வரும்போது, தெருமுனையில் கூரை தெரிகிற ஒவ்வொரு நாளும் பயந்தேன். நிறத்தை மட்டும் மாற்றவில்லை.

குடிபுகுந்து மூன்றாவது கோடையில் அந்த நாள் வந்தது. முதல் நாளே ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். காலை எட்டு மணிக்கு எல்லா யன்னலையும் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிட்டேன். அடுப்பு மூட்டவில்லை. பன்னிரண்டு மணிக்கு எங்கள் குடியிருப்பிலும் பென்டில் ஹில் பக்கமும் கரண்ட் போனது. மூன்று மணிக்கு வெளியே நாற்பத்துநாலு, உள்ளே இருபத்தேழு. இவர் சாரத்தோடு கதிரையில் இருந்து பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார்.

கதவு தட்டிக் கேட்டது. தலையில் ஈரத் துவாயோடு அன்ரி.

"சும்மா பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்" என்றார்.

"வாங்கோ அன்ரி" என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினேன். செங்கல் சுவரில் முதுகைச் சாய்த்துக் காலை நீட்டினார். பிறகு போனை எடுத்து மகனை வரச் சொன்னார். பிறகு மகனின் மாமியார் வீட்டை. பிறகு பென்டில் ஹில்லில் பாதிப் பேரை. ஐந்து மணிக்குள் வாசலில் செருப்புகள் குவிந்துவிட்டன, தெருவின் இரண்டு பக்கமும் கார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவரும் உள்ளே நுழைந்ததும் நேரே யன்னலுக்குத்தான் போனார்கள். "என்ன பூட்டிக் கிடக்கு, திறவுங்கோ, காத்து வரட்டும்!" நான் அகப்பையோடு யன்னலடியில் நின்றேன். "திறக்கிற ஆள் வெளியில நிண்டு காத்து வாங்கலாம்!" ஒருவரும் திறக்கவில்லை. இவர் குசினிக்குப் போய்த் தேசிக்காய் பிழியத் தொடங்கினார்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். இவரோடு முந்தி வேலை செய்தவர், அந்தப் பக்கமாக வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர். வெள்ளைக் கூரையைப் பார்த்திருக்கிறார், கார்களைப் பார்த்திருக்கிறார், செருப்புக் குவியலையும் பார்த்திருக்கிறார். கதவைப் பாதி திறந்து, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டியபடி வாசலிலேயே நின்றார்.

"அக்கா, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார் தழுதழுத்த குரலில். "எப்ப நடந்தது?"

அன்ரி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். இவர் குசினியிலிருந்து இரண்டு கையிலும் கிளாஸ்களோடு வெளியே வந்தார்.

"இன்னும் நடக்கேல்லை" என்றார். "கதவைச் சாத்திப்போட்டு உள்ளுக்கு வாரும், வெக்கை வருது."