இரண்டு கரண்டி மஞ்சள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, திருக்கோகர்ணத்திலிருந்து வந்த டவுன் பஸ்ஸின் கண்டக்டர் படியிலிருந்து இறங்காமலே என்னைக் கூப்பிட்டார். "மஞ்ச டாக்டரு தவறிட்டாருங்க. காப்பி குடிச்சுட்டுச் சாஞ்சவரு, எந்திரிக்கல." பஸ் நகர்ந்துவிட்டது. கால்நடை டாக்டர் நாகலிங்கம் என்று சொல்லியிருந்தால் எனக்குப் புரிய ஒரு கணம் பிடித்திருக்கும். சந்தைகளிலும் மாட்டுத் தொழுவங்களிலும் அவருக்கு அந்தப் பெயர் என்றோ மறைந்துவிட்டது. மஞ்சள் என்ற பட்டம் எப்படி வந்தது என்பது அவரை அறிந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்த அந்தக் கதையில் ஒரு பிழை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவருடைய ஜீப்பை நினைவிருக்கும். உலக யுத்தம் முடிந்தபின் ராணுவ ஏலத்தில் வாங்கியது. வாங்கும்போதே கிழம். ஸ்டியரிங் இடப்பக்கம். மெக்கானிக்கிடம் அதை அவர் விட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடியில் படுத்துவிடுவார். "மாட்டுக்கும் வண்டிக்கும் ஒரே வைத்தியந்தான் ரிப்போர்ட்டர். மொதல்ல கிட்டப் போயி நிக்கணும். பாதி நோவு அங்கனயே தெரிஞ்சுரும்" என்பார். கூரைப் படுதாவுக்குப் பதிலாகத் தென்னங்கீற்றை வைத்துப் பார்த்து, காற்றில் அது பறந்த பிறகு, சாக்கைத் தார் தடவித் தைத்தார். பின் சீட்டுக்கு அடியில் அவரே ஒரு மரப்பெட்டி செய்து பொருத்தினார். இரண்டு சுவர், நடுவில் நெல் உமி. மாடுகளைக் கூட்டமாகச் சாய்க்கும் வெக்கை நோய்க்கான தடுப்பு மருந்தை ஐஸ் கட்டியோடு அதற்குள் வைத்தால் ஒரு பகல் தாங்கும்.

இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு முன்னால் போகும் வைக்கோல் வண்டியைத் தாண்ட வழி தெரியாது. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவன் எட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும். செய்தி தேடி நான் அவரோடு சுற்றிய வருஷங்களில் அது என் வேலை. "போகலாம்" என்பேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். ஒரு தடவையாவது பயந்ததில்லையா என்று கேட்டேன். "நீங்க பாத்ததத்தான சொல்லுவீங்க?" என்றார்.

ஒரு வருஷம் திருவரங்குளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்தில் வெக்கை நோய் கண்டு ஒன்பது மாடுகள் விழுந்துவிட்டன. மற்றவற்றுக்கு அன்றே ஊசி போட்டாக வேண்டும். விடிந்ததும் ஐஸ் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். செம்மண் பாதையில் ஒரு கல் தெறித்து ரேடியேட்டரில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தது. இன்னும் நாலு மைல் இருந்தது.

டாக்டர் பதறவில்லை. "இதுக்கு மஞ்சத்தூள் போதும். தண்ணியோட சுத்திவந்து ஓட்டையில அடைச்சுக்கும். அந்த வீட்டுல ரெண்டு கரண்டி வாங்கியாங்க" என்று சொல்லிவிட்டு, தளர்ந்துபோன ஒரு போல்ட்டை முடுக்க அடியில் படுத்தார். நான் போய்க் கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் ஒரு செம்பு நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கரண்டி போதும் என்றேன். "மஞ்சளப் போயி அளந்து குடுப்பாகளா? மங்கலப் பொருளுங்க. முழுசாக் கொண்டு போங்க" என்றார்.

நிறைய இருந்தால் நன்றாக அடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. எஞ்சின் ஆறியதும் மூடியைத் திறந்து, செம்பு முழுவதையும் கவிழ்த்துத் தண்ணீர் ஊற்றினேன். அடியிலிருந்து எழுந்து வந்த டாக்டர் என் கையிலிருந்த காலிச் செம்பைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். ஏறி வண்டியைக் கிளப்பினார்.

இரண்டு பர்லாங் போவதற்குள் ஓட்டையோடு மற்றக் குழாய்களும் அடைத்துக்கொண்டன. மூடி வழியாக மஞ்சள் நுரை பொங்கி, எதிரே வந்த வண்டிக்காரரின் வேட்டியில் தெறித்தது. அவர் கருப்பையா, டாக்டரை அறிந்த பக்கத்து ஊர்க்காரர், ஒரு ஜோடி காளையோடு வெறும் வண்டியை ஓட்டி வந்தவர்.

"என்னங்க இது, மோட்டாருக்கு அம்மை போட்டிருக்கா? வேப்பெலை கட்டலையா?"

"கட்டணும்ங்க. கொஞ்சம் ஓங்க காளையக் குடுங்க" என்றார் டாக்டர்.

"மாட்டுக்கு ஊசி போட வந்தீகளா, ஊசிக்கு மாட்டப் பூட்ட வந்தீகளா? அது கெடக்கட்டும், எந்தப் புண்ணியவான் இம்புட்டு மஞ்சளக் கொட்டுனது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள், "நாந்தான்யா. கைக்கணக்கு தப்பிருச்சு" என்றார் டாக்டர்.

ரேடியேட்டரைக் கழுவ அரை நாள் ஆகும், ஐஸ் காத்திருக்காது. கருப்பையா தம் வண்டியை அவிழ்த்துவிட்டு, வடத்தால் ஜீப்பைக் காளைகளோடு பிணைத்தார். கியரை நியூட்ரலில் போட்டு, டாக்டர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். கிராமத்து எல்லைக் கல்லருகே நிறுத்தச் சொன்னார். நல்ல காளைகள் நோய் கண்ட ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. அங்கிருந்து ஊரார் இருபது பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். டாக்டர் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு தேங்காய் அளவுக்கு ஐஸ் மிச்சமிருந்தது. அது போதுமானதாக இருந்தது. அந்த ஊரில் ஊசி போட்ட மாடுகளில் ஒன்றுகூட விழவில்லை.

பத்திரிகையில், "வழியில் வாகனம் பழுதடைந்தது" என்று எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. விடுபட்டுப் போயிற்று என்று சொல்வதற்கில்லை, விட்டேன். கருப்பையா விடவில்லை. ஒரு மாதத்துக்குள் எல்லாச் சந்தையிலும் "மஞ்ச டாக்டரு வாராக" என்ற பேச்சுத்தான். அவர் சிரித்துக்கொண்டே போவார். ஜீப்பின் முன்பலகையில் ஒரு பித்தளைக் கரண்டியைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டார். கேட்டவர்களிடம், "எனக்கு மறதி ஜாஸ்தி. ரெண்டு கரண்டிதான்னு அது சொல்லும்" என்பார். நான் வலப்பக்கம் ஏறி உட்காரும்போதெல்லாம் அந்தக் கரண்டி என் முழங்காலுக்கு நேரே ஆடும். அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து விடைபெறப் போனேன். அவர் மனைவி விசாலாட்சி அம்மாள் ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினார். உள்ளே கரண்டி.

"அம்மா, அந்த மஞ்சளை..."

"நீங்க போட்டது. எனக்கு அன்னைக்கே தெரியும். 'ஏங்க நீங்க பழிய ஏத்துக்கிட்டீங்க'ன்னு கேட்டேன். 'ரிப்போர்ட்டரு சொல்ல நம்பித்தான் நான் வைக்கப்போரு வண்டியத் தாண்டுறேன். ஊரும் அவரு சொல்ல நம்பணுமில்ல? எனக்கென்ன, மாடு கேலி பண்ணாது'ன்னாரு." சொல்லிவிட்டு அவர் சிரித்தார். பந்தலில் இருந்த சிலர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது.

என் தொழிலில் பிழை நேர்ந்தால் அதே பத்திரிகையில் திருத்தம் போடுவது வழக்கம். இது பல வருஷம் தாமதித்த திருத்தம். டாக்டர் நாகலிங்கத்தின் கைக்கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. செம்பைக் கவிழ்த்தவன் நான். கரண்டி இப்போது என் மேசையில், மைக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. இந்தப் பத்தியை எழுதி முடித்ததும் பழக்கதோஷத்தில் வலப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தேன். வழி தெரிந்தது. போகலாம், டாக்டர்.