முசுடு மார்க் குடை

அவளுக்கு முகமே அப்படித்தான். காய்கறி வாங்கப் போனால், எடை போடுகிறவர் தானாகவே இன்னொரு தக்காளியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "சரியாத்தாம்மா போட்டிருக்கேன்" என்பார். அவள் வாயே திறந்திருக்க மாட்டாள்.

இருபது வயதில் குடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது ஒரு கம்பி தெறித்து வந்து இடது புருவத்தைப் பிளந்தது. காயம் ஆறிய பிறகு புருவத்தின் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி நின்றுவிட்டது. வெளிப்பாதி கொஞ்சம் கீழே இறங்கியும் போனது. அதற்கு முன்னாலும் அவள் ஒன்றும் பல்லைக் காட்டித் திரிந்தவள் இல்லை. இப்போது புருவமும் சேர்ந்துகொள்ள, பெயர் ஒட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் முசுடு. தெருவில் முசுடு. வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் முதுகுக்குப் பின்னால் முசுடு.

தொழிற்சாலையை இழுத்து மூடியதும், அவளும் கணவனும் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை பிடித்தார்கள். நீள மேசை ஒன்று, தையல் மிஷின் ஒன்று, சுவரில் ஆணி ஆணியாகக் கம்பிக் கூடுகள். கணவன் துணியை முக்கோண முக்கோணமாக வெட்டுவார். அவள் தைத்துக் கம்பியில் ஏற்றுவாள். அவருக்குப் பிறவியிலேயே சிரித்த முகம். பேரம் பேச வருகிறவர்கள் அவரைத்தான் பிடிப்பார்கள். அவரும் கால் மணி நேரம் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு, "அவகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்று மிஷின் பக்கம் கையைக் காட்டுவார். பேரம் அதோடு முடிந்துவிடும்.

அவள் குடை காற்றுக்கு மடங்காது. மற்றவர்கள் கம்பியின் மூட்டுக்கு ஒரு ஆணியோடு விட்டுவிடுவார்கள். அவள் அதன் மேல் மெழுகு நூலை ஒன்பது சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுவாள். பழுது பார்க்க யாராவது மட்டமான குடையைக் கொண்டுவந்தால், "இதுல ஒண்ணுமில்ல, தூக்கிப் போடுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிடுவாள். இப்படித் திருப்பி அனுப்பப்பட்ட யாரோ ஒருவன்தான் அதைச் செய்திருக்க வேண்டும். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால், கடையின் இரும்புக் கதவில் கரியால் ஒரு படம். மேலே விரித்த குடை, கீழே ஒரு பெண்ணின் முகம். வாய் இரண்டு பக்கமும் கீழே வளைந்திருந்தது. இடது புருவம் நடுவில் அறுந்திருந்தது. அடியில் கொட்டை எழுத்தில் 'முசுடு'.

கணவன் ஈரத்துணியோடு ஓடினார்.

"நில்லுங்க" என்றாள். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். "புருவத்தைச் சரியாப் போட்டிருக்கான்."

அன்று மத்தியானமே போர்டு எழுதுகிறவரைக் கூப்பிட்டு, கரிக்கோட்டின் மேலேயே கறுப்புப் பெயின்ட்டை ஓட்டச் சொன்னாள். ஒரு கோடு கூட மாறக்கூடாது. அந்த மாதமே அதே படத்தைத் துணி லேபிளாக அச்சடித்து, ஒவ்வொரு குடையையும் சுருட்டிக் கட்டும் பட்டியில் வைத்துத் தைத்தாள். திட்டியவன் அந்தப் பக்கம் வந்து பார்த்தானோ என்னவோ, தெரியாது.

நாத்தனார் மட்டும் பொறுக்கமாட்டாமல் வந்துவிட்டாள்.

"ஏன் அண்ணி, பேரு வைக்க உலகத்துல வேற வார்த்தையே கிடைக்கலையா? என் சம்பந்தி வீட்டுக்காரங்க இந்த வழியாத்தான் பஸ் ஏறுறாங்க."

"மழை பெஞ்சா உள்ள வந்து நிக்கச் சொல்லு" என்றாள் அவள், மிஷினை நிறுத்தாமல்.

பெயர் பரவியது. 'முசுடு குடை இருக்கா?' என்று கேட்டு வாங்குகிற அளவுக்கு வந்தது. கடைவீதியின் மொத்த வியாபாரி ஒருவர் காரில் வந்து இறங்கி, "அக்கா, உங்க கை ராசிக்கை" என்று சொல்லி இரண்டு வருடம் கட்டுக்கட்டாக வாங்கிப் போனார். மூன்றாவது வருடம் வரவில்லை. வேறு ஆள் பார்த்துக்கொண்டார் போல என்று அவள் விட்டுவிட்டாள்.

அந்த மழைக்காலத்தில், நனைந்து தொப்பலாகி வந்த ஒரு பெண் மேசையின் மேல் ஒரு குடையை எறிந்தாள். "உன் மூஞ்சியை நம்பித்தான் வாங்கினேன். பாலம் தாண்டறதுக்குள்ள பிச்சுக்கிட்டுப் போயிடுச்சு."

அவள் குடையைப் பிரித்துப் பார்த்தாள். ஊக்கு மாதிரி மெலிந்த கம்பிகள். மூட்டில் நூலே இல்லை. ஆனால் பட்டியில் அவள் முகம் இருந்தது. அறுந்த புருவம் உட்பட.

"இது என்னுது இல்லம்மா."

"படத்துல இருக்கிறது நீ இல்லையா?"

அந்த வாரம் மட்டும் பதினேழு பேர் வந்தார்கள். பதினேழு பேரும் திட்டினார்கள். எங்கே வாங்கியது என்று கேட்டால் கடைவீதியைக் காட்டினார்கள். வழக்கமாக யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்டுவிட்டுப் போகிறவளுக்கு, ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. இத்தனை வருடம் அவளை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். மட்டமான குடை செய்கிறவள் என்று யாரும் சொன்னதில்லை.

மறுநாள் உடைந்த குடை ஒன்றை எடுத்துக்கொண்டு நேராக மொத்த வியாபாரியின் கடைக்குப் போனாள். அவர் எழுந்து நின்று வரவேற்று, நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இது யார் மூஞ்சி?" என்றாள், உட்காராமல்.

"சும்மா ஒரு கார்ட்டூன்க்கா." அவர் கூசவே இல்லை. "அந்தப் பேரையும் படத்தையும் என் பேருக்கு டிரேட்மார்க் கேட்டு எழுதிப் போட்டிருக்கேன். அது கைக்கு வந்துட்டா, முசுடுன்னு குடை விக்க நீங்கதான் என்கிட்ட வந்து கேக்கணும். ஆனா நாம அப்படியா பழகினோம்? எனக்கே தைச்சுக் குடுங்க. சீசன் பூரா வேலை இருக்கும். லேபிள்ல மட்டும் ஒரு சின்ன மாத்தம் பண்ணிக்கலாம்னு இருக்கேன். முகம் கொஞ்சம் சிரிச்சாப்புல இருந்தா இன்னும் நல்லா ஓடுமாம்."

"என் மூஞ்சியை எனக்கே வாடகைக்கு விடறியா?"

அவர் சிரித்தார். அவள் வெளியே வந்துவிட்டாள். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அப்படியே வக்கீல் போர்டு தேடிப் போனாள்.

ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஓர் அறை. உள்ளே இருந்த பெண் வக்கீலுக்குத் தீராத ஜலதோஷம். மூக்கைத் துடைத்தபடியே முழுக்கதையையும் கேட்டாள்.

"இத்தனை வருஷமாப் பதிவு பண்ணாம என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"குடை பண்ணிட்டிருந்தேன்."

வக்கீல் கணினியில் தேடினாள். வியாபாரியின் மனு ஏற்கெனவே டிரேட்மார்க் அலுவலகத்தின் இதழில் வெளியாகியிருந்தது. யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் நான்கு மாதத்துக்குள் சொல்ல வேண்டும். அதில் பதினெட்டு நாள்தான் பாக்கி. "அவர் மனுவுக்கு ஒரு எதிர்ப்பு போடுவோம். உங்க பேர்ல தனியா ஒரு மனுவும் போடுவோம். அவர் முதல்ல எழுதிப் போட்டதால மட்டும் அது அவருதாயிடாது. முதல்ல புழங்கினவங்களுக்குப் பலம் ஜாஸ்தி. ஆனா அதைக் காட்டணும்." பிறகு ஒரு தாளில் எழுதிக்கொண்டே, "குடை பதினெட்டாம் வகுப்புல வருது. தோல்பை, கைத்தடி, சாட்டை எல்லாம் அதே வகுப்புதான்" என்றாள்.

"சாட்டையும் குடையும் ஒண்ணாவா? விவரம் தெரிஞ்சவங்கதான் வச்சிருக்காங்க."

காட்டுவதற்கு என்ன இருக்கிறது? கணவனும் அவளும் கடையைத் தலைகீழாகப் புரட்டினார்கள். கிழிந்த துணியும் துருப்பிடித்த கம்பியும்தான் வந்தன. கடைசியில் கணவன்தான் கதவின் கீழ் மூலையில் குந்தி உட்கார்ந்து, "இங்க வந்து பாரு" என்றார். போர்டு எழுதுகிறவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எழுதிய எதிலும் ஓரமாகத் தன் முதலெழுத்தையும் தேதியையும் கடுகளவில் போட்டுவிடுவார். வியாபாரி மனு போட்டதற்கு ஆறு வருடம் முந்தைய தேதி. போட்டோ எடுத்தார்கள். போர்டு எழுதுகிறவரும் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார்.

நாத்தனார் மறுபடி வந்தாள். "போனா போகட்டும் அண்ணி. இனிமேலாவது ஒரு நல்ல பேரா வைங்களேன்."

"திருடினவனுக்கு நல்லா இருக்கிற பேரு எனக்கு ஆகாதா?"

நாத்தனார் பைக்குள் கையை விட்டு ஒரு பழைய குடையை எடுத்து மேசையில் வைத்தாள். முதல் வருடத்துக் குடை. பட்டியின் நுனி உள்பக்கமாக மடித்துத் தைக்கப்பட்டிருந்தது. பிரித்தால் லேபிள் இருந்தது.

"வெட்டிடலாம்னுதான் நினைச்சேன். வெட்டினாப் பட்டி பிரிஞ்சுடும்னு மடிச்சுத் தைச்சுட்டேன்" என்றாள், எங்கேயோ பார்த்துக்கொண்டு. "குடை நல்ல குடைதானே."

அன்று நாத்தனாருக்குக் காப்பியை அவளே ஆற்றிக் கொடுத்தாள்.

விசாரணை வர ஒன்றரை வருடம் ஆனது. அதற்குள் உடைந்து வந்த போலிக் குடைகளை எல்லாம் கடை வாசலில் வரிசையாகத் தொங்கவிட்டு, 'இது என் மூஞ்சி. இது என் குடை இல்லை' என்று ஒரு அட்டையும் எழுதி மாட்டினாள். வக்கீல் பதறிப்போய் போன் செய்தாள். "அம்மா, வழக்கு நடக்கும்போது இப்படியெல்லாம் எழுதி வைக்கக் கூடாது. முதல்ல அட்டையைக் கழட்டுங்க." அவள் கழற்றினாள். குடைகளைக் கழற்ற யாரும் சொல்லவில்லையே. அவை எலும்பும் தோலுமாக அங்கேயே ஆடின. தினமும் காலையில் கொஞ்ச நேரம் அவற்றுக்குக் கீழே போய் நிற்பாள். போகிறவர்கள் படத்தைப் பார்ப்பார்கள், அவளைப் பார்ப்பார்கள், குடைகளைப் பார்ப்பார்கள். அதுவே போதுமாக இருந்தது.

விசாரணை நாளில் டிரேட்மார்க் அலுவலகத்தில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. மூன்று மாடி ஏறினார்கள். சாதாரண அறைதான், ஒரு மேசை, நாலு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்த அதிகாரி இரண்டு கட்டுக் காகிதங்களையும் புரட்டினார்.

வியாபாரியின் வக்கீல் எழுந்தார். "இந்தப் படம் எங்க கட்சிக்காரரோட கற்பனைங்க சார். உலகத்துல எங்கேயும் இல்லாத ஒரு முகம்."

அதிகாரி லேபிளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். "அம்மா, கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையாகவே கோபம். ஒன்றரை வருடத்துக் கோபமும் மூன்று மாடி ஏறிய கோபமும் சேர்ந்து, முகம் லேபிளில் இருப்பதைவிட நன்றாகவே அமைந்துவிட்டது. பெஞ்சில் இருந்த கணவன் சிரிப்பை அடக்கத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார்.

"உயிரோட இருக்கிறவங்க முகத்தைப் பதிவு பண்ணணும்னா அவங்க சம்மதக் கடிதம் வேணும்" என்றார் அதிகாரி. "கொண்டுவந்திருக்கீங்களா?"

"அது இவங்க முகம்தான்னு எப்படிங்க சார்..."

"புருவத்தைப் பாருங்க" என்றார் அதிகாரி.

வக்கீல் பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "உங்க மனுவுலயும் ஒரு சிக்கல் இருக்கும்மா. பொருளோட குணத்தைச் சொல்ற சொல்லை ஒருத்தருக்கு மட்டும்னு எழுதிக் குடுக்க முடியாது. முசுடுங்கிறது ஒரு குணம்தானே?"

அவளுடைய வக்கீல் பதில் சொல்ல வாயெடுத்த நேரம் பார்த்துத் தும்மல் வந்துவிட்டது.

"சார், குடை முசுடு இல்லைங்க" என்றாள் அவள். "பட்டனை அமுக்கினா மறுபேச்சு பேசாம விரியும். முசுடு நான்தான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். எழுதும்போது அவர் தோள் லேசாகக் குலுங்கியது. "சரி. ஆனா அது ஒரு வசவு மாதிரியும் இருக்கே?"

"வசவேதான் சார். திட்டினது யாரோ. வாங்கிக்கிட்டது நான். வச்சுக்கறதா வேணாமான்னு நான்தானே சொல்லணும்?"

வெளியே படிக்கட்டில் வியாபாரி பின்னாலேயே இறங்கி வந்தார். "அக்கா, ஒரு நிமிஷம். பேசித் தீத்துக்கலாம். கோடவுன்ல நாலாயிரம் குடை கிடக்கு."

"லேபிளைப் பிரிச்சுட்டு வித்துக்கோ."

"லேபிள் இல்லாம அதை எவன்க்கா வாங்குவான்?"

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?" என்றாள் அவள்.

ஆறு வாரத்தில் உத்தரவு வந்தது. வியாபாரியின் மனு தள்ளுபடி. அவளுடைய மனு இதழில் வெளியாகி, நான்கு மாதம் யாரும் வாய் திறக்காததால் பதிவாயிற்று. கடைவீதியில் நாலாயிரம் லேபிள்களைப் பிரிக்க ஆட்கள் உட்கார்ந்திருப்பதாக நாத்தனார்தான் முதலில் வந்து சொன்னாள். சம்பந்தி வீட்டிலும் சொல்லிவிட்டாளாம்.

சான்றிதழை வாங்க மாடியறைக்கு அவள் தனியாகத்தான் போனாள். வக்கீல் அதை உறையிலிருந்து எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள். "பத்து வருஷத்துக்குச் செல்லும்மா. அப்புறம் புதுப்பிக்கணும். மறந்துடாதீங்க."

"அப்ப எனக்கு அறுபத்தாறு. மூஞ்சி இன்னும் முத்திப் போயிருக்கும். வேற படம் போடணும்னாலும் போடுவேன்." அவள் சான்றிதழில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்து முடித்து, அதைத் திரும்ப உறையில் போட்டாள். பிறகு பையிலிருந்து ஒரு புதுக் குடையை எடுத்து மேசையில் வைத்தாள்.

வக்கீல் பட்டியைத் திருப்பிப் பார்த்தாள். 'சிடுமூஞ்சி மார்க்' என்று போட்டிருந்தது. குடைக்குக் கீழே ஒரு பெண் முகம். இரண்டு புருவமும் முழுசாக இருந்தன.

"நேத்து கடைவீதியில வாங்கினேன்" என்றாள் அவள், நாற்காலியை மேசைக்கு நெருக்கிப் போட்டுக்கொண்டு. "எழுத ஆரம்பிங்க."