கொக்கி போட்ட பின்கதவு

நெவில் சக்டன் எங்கள் ஊரான ரேக்ஸ் கோவுக்கு வந்தது ஒரே ஒரு காரணத்துக்காக. மனைவி மார்ஜரியை முதியோர் இல்லத்தில் விடாமல் கடைசிவரை தன்னோடு வைத்துக்கொள்ள வேண்டும். இதை அவர் முதல் நாளே சொல்லியிருந்தால் இரண்டு மாதச் சந்தேகம் மிச்சமாகியிருக்கும். அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்வதைவிட ஊகிப்பதில்தான் எங்கள் ஊருக்கு ஆர்வம் அதிகம்.

அவர் பிறந்தது இங்கிலாந்தில், யார்க்‌ஷர் பக்கம். இருபத்தெட்டு வயதில் ஆல்பர்ட்டாவுக்கு வந்து எண்ணெய்க் கிணறுகளில் பம்பு பழுதுபார்த்தார். ஓய்வு பெற்ற பிறகும் கால்கரியிலேயே இருந்தார். நாற்பத்தெட்டு வருஷம் கனடாவில் இருந்தும் பேச்சில் யார்க்‌ஷர் அப்படியே இருந்தது. எழுபத்தாறு வயதில், ஒரு மே மாதம், காரில் ஒரு வாரம் நாட்டைக் குறுக்கே கடந்து, நோவா ஸ்கோஷியாவில் கப்பல் ஏறி, நியூஃபவுண்ட்லாந்தின் இந்த ஓரத்துக்கு வந்து சேர்ந்தார். செத்துப்போன கெர்ட்டி வால்ஷின் வீட்டைக் கம்ப்யூட்டரில் படம் பார்த்தே வாங்கியிருந்தார். எட்டிப் பார்க்காமல் வீடு வாங்குகிறவன் எதிலிருந்தோ ஓடி வருகிறவன் என்றார் லியாண்டர் பிட்மன். லியாண்டர் என் பக்கத்து வீட்டுக்காரர், மீன்பிடித்தலை விட்ட பிறகு வேடிக்கை பார்ப்பதையே தொழிலாக வைத்துக்கொண்டவர். அன்று அவர் சொன்னது சரி. எதிலிருந்து என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

வந்ததும் அவர் செய்த முதல் காரியம் முன்கதவுக்குப் படி கட்டியது.

எங்கள் வீடுகளில் முன்கதவுக்குப் படி கிடையாது. கதவைத் திறந்தால் தரை நாலடி கீழே இருக்கும். பாதிரியார், போலீஸ்காரர், சவப்பெட்டி, இந்த மூன்றைத் தவிர யாருக்கும் அந்தக் கதவு தேவைப்படுவதில்லை. என் முன்கதவுக்குப் பின்னால் ஃப்ரீசர் நிற்கிறது. நெவில் மூன்று வாரம் உட்கார்ந்து, கைப்பிடி வைத்து, பச்சை வர்ணம் அடித்து ஐந்து படி கட்டினார். லியாண்டர் தன் கொட்டகை வாசலில் நின்று முழுசாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"ராணியம்மா விருந்துக்கு வராங்களோ என்னவோ, ஃபிலோ. நம்மள கூப்பிடுவாங்களா பாரு."

இரண்டாவது காரியம் இன்னும் மோசம். லியாண்டர் வீட்டு முன்கதவைப் போய்த் தட்டினார். லியாண்டரின் மனைவி டல்சிக்கு ஒரே மகன், கடல் நடுவே எண்ணெய் மேடையில் வேலை. முன்கதவு தட்டும் சத்தம் கேட்டதும் டல்சி கையிலிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். லியாண்டர் பூச்சு ஒட்டிப்போன கதவை நெம்புகோல் வைத்துத் திறந்தால், குப்பை வண்டி எந்தக் கிழமை வரும் என்று கேட்க வெளியூர்க்காரர் நிற்கிறார். டல்சி அடுத்த ஒரு மாதம் அவர் இருக்கும் பக்கம் திரும்பவில்லை.

மூன்றாவதை நானே பார்த்தேன். கரும்புப்பாகு ரொட்டி ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு போனேன். கெர்ட்டி வீட்டுப் பின்கதவை அறுபது வருஷமாகத் திறந்து உள்ளே போயிருக்கிறேன், ஒரு நாளும் தட்டியதில்லை. அன்று தாழை நீக்கித் தள்ளினேன், கதவு அசையவில்லை. உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ முணுமுணுத்தார்கள். கதவு நாலு விரல் அகலம் திறந்தது.

"என்ன வேணும்?" என்றார்.

எனக்கு ஒன்றும் வேண்டாம், ரொட்டி கொண்டுவந்தேன் என்றேன். அவர் வாங்கிக்கொள்வதற்குள் அந்த நாலு விரல் இடைவெளியில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். அடுப்பின் குமிழ்களைக் கழற்றி வைத்திருந்தார். கதவில் புதுப் பித்தளைக் கொக்கி, அவர் தலைக்கும் மேலே. வெளியாளைத் தடுக்கப் போடுகிற கொக்கியை யாரும் அவ்வளவு உயரத்தில் போட மாட்டார்கள். அது உள்ளே இருக்கிற ஆளுக்கு எட்டக்கூடாது என்று போட்டது.

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

வீடுகளுக்குப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற வேலை, பயிற்சி எடுத்து இருபத்தொன்பது வருஷம் செய்தேன், சுகாதாரத் துறைச் சம்பளம் என்றேன். கதவு சாத்திக்கொண்டது. நன்றிகூடச் சொல்லவில்லை. கொக்கி விழுந்த சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு ஊருக்கே ஊகிக்கிற வேலை வந்துவிட்டது. அவர் வீட்டுக் கொடியில் பெண்பிள்ளை இரவு உடுப்புகள் காய்ந்தன. பெண்பிள்ளையைத்தான் யாரும் பார்க்கவில்லை. கடையில் இரண்டு பேருக்குச் சாமான் வாங்கினார். கேட்டால், மனைவிக்கு உடம்பு சரியில்லை, வெளியே வரமாட்டாள் என்பார். என்ன உடம்பு என்றால் வானிலையைப் பற்றிப் பேசுவார். லியாண்டர் வாரத்துக்கு ஒரு கதை வைத்திருந்தார். ஒரு வாரம் அந்தப் பெண் பெரிய திருடி, ஒளிந்திருக்கிறாள். அடுத்த வாரம் பெண்ணே இல்லை, அவரே அந்த உடுப்பைப் போட்டுக்கொள்கிறார். நான் கதை எதையும் சேர்க்கவில்லை. எனக்கு அந்தக் கொக்கி போதும்.

ஜூலையில் ஒரு நாள் அந்த வழியாக வந்தபோது சமையலறை ஜன்னல் திரையை ஒரு கை ஒதுக்கியது. வயதான பெண்ணின் கை. மணிக்கட்டுக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது. இன்னொரு கை வந்து அதைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டது.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலையில் சேர்ந்த மூன்றாம் வருஷம், வேறு ஊரில், ஒரு வீட்டுக்காரர் தன் மனைவி படியில் விழுந்தாள் என்றார். நல்ல மனிதர், எனக்கு டீ போட்டுக் கொடுத்தவர். நம்பினேன். இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடியும் விழுந்தாள், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றிலிருந்து டீ போட்டுக் கொடுப்பதை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்ததும் நாள்காட்டியில் தேதியைக் குறித்தேன். முதியோர் பாதுகாப்பு அலுவலகத்தின் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி ரொட்டி டப்பாவுக்கு அடியில் வைத்தேன். அன்று சனிக்கிழமை. திங்கள் காலை பேசுவது என்று முடிவு செய்தேன். பேசினால் அந்தப் பெண்ணை அங்கிருந்து கூட்டிப் போய்விடக்கூடும் என்பது எனக்குத் தெரியும்.

திங்கள் காலை பத்து மணி வரை மாவு பிசைந்துகொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஒன்பதரைக்கு முன் யாரும் எடுக்க மாட்டார்கள், பத்துக்கு முன் எடுத்தாலும் பிரயோஜனமில்லை. பின்கதவு திறந்தது. யாரும் தட்டவில்லை, அதனால் டல்சி என்று நினைத்தேன்.

"உக்காரு, டீ சூடா இருக்கு" என்றேன், திரும்பாமலே.

நாற்காலி இழுபட்டது. "நல்ல வாசனை" என்றது ஒரு குரல். அது டல்சியின் குரல் இல்லை.

திரும்பினேன். நரைத்த முடியைப் பின்னிப் போட்ட ஒரு பெண், கம்பளிச் சட்டை, வீட்டுச் செருப்பு. தன் வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல முழங்கையை மேஜையில் ஊன்றியிருந்தாள். செருப்பிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"படகெல்லாம் வந்துடுச்சா?" என்று கேட்டாள்.

"இன்னும் வரல. நேரமாகும்" என்றேன்.

"அப்பா வந்ததும் சாப்பிடலாம்" என்றாள். அவளுடைய நினைவு எந்த நிலையில் இருக்கிறது என்பது அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

டின் பால் ஊற்றி டீ கொடுத்தேன். ரொட்டியில் வெண்ணெய் தடவி முன்னால் வைத்தேன். பிறகு என் வேலையைச் செய்தேன். ஈரச் செருப்பைக் கழற்றிக் காலைத் துடைக்கிற சாக்கில் குதிகாலைப் பார்த்தேன். வெடிப்பு இல்லை, களிம்பு தடவியிருந்தது. கால் நகம் நேராக வெட்டியிருந்தது, மற்றவர் காலுக்கு அப்படி வெட்டுவது எவ்வளவு சிரமம் என்பது எனக்குத் தெரியும். தலையில் அழுக்கு இல்லை. கழுத்து மடிப்பில் புண் இல்லை. எடை குறைந்த உடம்பும் இல்லை. சட்டைக் காலருக்குள் பெயரும் வீட்டு எண்ணும் கையால் தைத்திருந்தது, ஆண்பிள்ளைத் தையல், கோணல்மாணலாக.

"கைய காட்டுங்க, கண்ணு."

இரண்டு கையையும் நீட்டினாள். யாராவது முரட்டுத்தனமாகப் பிடித்தால் ஒரு பக்கம் நாலு விரல் தடமும் மறுபக்கம் பெருவிரல் தடமும் இருக்கும். இது அப்படி இல்லை. சுண்டுவிரல் பக்கத்து ஓரம் முழுக்க, இரண்டு கையிலும் ஒரே மாதிரி கன்றியிருந்தது. கதவை இடித்த கை.

செருப்பை எடுத்து முகர்ந்தேன். உப்பு வாடை. அடியில் கடற்பாசி ஒட்டியிருந்தது. இங்கே வருவதற்கு முன் அவள் படகுத்துறைக்குப் போயிருக்கிறாள், துறையிலிருந்து இறங்கும் சரிவில் தண்ணீர்வரைக்கும் போயிருக்கிறாள்.

அப்போது என் முன்கதவு தட்டப்பட்டது. பின்னால் வாருங்கள் என்று சத்தம் போட்டேன். நெவில் சுற்றிக்கொண்டு வந்தார். முகத்தில் பாதி சவரம், பாதி சோப்பு நுரை. வாசலிலேயே நின்றார். ரொட்டி தின்றுகொண்டிருந்த மனைவியைப் பார்த்தார், பிறகு என்னை.

"அஞ்சு நிமிஷம்தான் பாக்கல. அஞ்சே நிமிஷம். முன்கதவத் தாழ் போட மறந்துட்டேன். போலீஸுக்குச் சொல்லிட்டீங்களா?"

"போலீஸா, எதுக்கு?"

"உங்க வீட்டுக்குள்ள கேக்காம நுழைஞ்சிட்டாளே."

அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை. "நாங்கள்லாம் அப்படித்தான வர்றோம்" என்றேன். "தட்டினாத்தான் பயம்."

அவர் வந்து உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வந்தது. மார்ஜரி இங்கிலாந்தில் விட்பி என்ற கடலோர ஊரில் மீனவர் மகள். கால்கரியில் மறதி முற்றிய பிறகு, பக்கத்து வீடுகளுக்குள் போய்ச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். முதல் தடவை சிரித்தார்கள். இரண்டாம் தடவை வக்கீல் பெயரைச் சொன்னார்கள். மூன்றாம் தடவை போலீஸ் வந்தது, போலீஸுக்குப் பின்னால் சமூகநல அதிகாரி ஒருத்தி வந்தாள். அன்பாகப் பேசினாளாம். உங்களால் முடியாது, பூட்டிய இல்லம்தான் பாதுகாப்பு, பத்து நாளில் இடம் காலியாகும் என்றாளாம். அவர் ஒன்பதாம் நாள் காரை எடுத்துவிட்டார். மாகாணம் மாறினால் கோப்பு பின்னால் வராது என்பது அவர் கணக்கு.

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை உண்டா? உண்டு, அதனால்தான் தொட்டாலே கன்றுகிறது. கதவை எப்போது இடிக்கிறாள்? சாயங்காலம், படகு வரும் நேரம். ஜன்னலில் அவள் கையைப் பிடித்து இழுத்தது ஏன்? ஆட்கள் பார்க்கக்கூடாது என்று. கடைசியாக முழு இரவு தூங்கியது எப்போது? அவருக்கு நினைவில்லை. பதில்கள் நான் பார்த்ததோடு பொருந்தின. இருந்தாலும் ரொட்டி டப்பாவுக்கு அடியிலிருந்த தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இன்னிக்கு பத்து மணிக்குப் பேசறதா இருந்தேன்."

அவர் தாளைத் தொடவில்லை. "இப்பவும் பேசுவீங்களா?"

"பேசுவேன், வேற நம்பருக்கு. வாரத்துக்கு மூணு காலை ஒரு ஆள் வேணும்னு கேக்க. அவங்கள கூட்டிட்டுப் போக இல்ல."

"அங்கயும் இப்படித்தாம்மா ஆரம்பிச்சாங்க."

"இருக்கலாம். நீங்க என்னை நம்ப வேணாம். நானும் உங்கள முழுசா நம்பல." செருப்பை அவர் மடியில் போட்டேன். "மோந்து பாருங்க."

முகர்ந்தார். அடியில் ஒட்டியிருந்த பாசியை விரலால் எடுத்துப் பார்த்தார். முகத்தில் நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"நீங்க கட்டின அழகான படிதான் அவங்கள அங்க கொண்டுபோய் விட்டுச்சு" என்றேன். "முன்கதவ ஆணி அடிச்சு மூடுங்க, படிய எடுங்க. பின்கதவுல அந்தக் கொக்கிய கழட்டுங்க."

"கழட்டினா போயிடுவாளே."

"போகட்டும். முன்னாடி போனா ரோடு, ரோட்டுக்கு அந்தண்ட தண்ணி. பின்னாடி போனா வேலி, வேலிக்குள்ள நாலு சமையலறை. நாலுலயும் ஆள் இருக்கு. யாரும் போலீஸக் கூப்பிட மாட்டாங்க. அதிகம்னா டீய ஊத்திக் கொடுத்து ஊர்வம்பு பேசுவாங்க."

இதில் ஒன்று நான் செய்ய வேண்டியிருந்தது. நாலு வீட்டுக்கும் போய் உள்ளதைச் சொன்னேன். லியாண்டருக்குத் தன் கதைகள் எல்லாம் வீணானதில் வருத்தம். டல்சி, அந்த மனுஷன் குப்பை வண்டி எப்போது வரும் என்று கேட்க வந்தபோது அவர் மனைவி எங்கே இருந்தாள் என்று கேட்டாள். தனியாக, கொக்கிக்குப் பின்னால் என்றேன். "அதான் அவ்வளவு அவசரமா தட்டியிருக்கான்" என்றாள்.

மறுநாள் நெவில் ரம்பத்தால் படியை அறுத்தெடுத்தார். லியாண்டர் உதவிக்குப் போனார், பலகைகளைத் தன் கோழிக்கூண்டுக்குக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோழிகள் இப்போது பச்சைப் படியில் ஏறித்தான் படுக்கப் போகின்றன.

மார்ஜரி பெரும்பாலும் டல்சி வீட்டுக்குத்தான் போகிறாள், அங்கே இனிப்பு பிஸ்கட் இருக்கிறது. படகு வந்துவிட்டதா என்று கேட்பாள். இன்னும் வரவில்லை என்பார்கள், அது உண்மையும்கூட. சாயங்காலம் கதவு இடிக்கும் சத்தம் நின்றுவிட்டது. உதவிக்கு ஒரு பெண் அக்டோபரிலிருந்து வருகிறாள். முதல் வாரம் நெவில் அவள் பையைக்கூடக் கண்ணால் சோதித்தாராம். இது எவ்வளவு காலம் ஓடும் என்று எனக்கு ஒரு மதிப்பீடு உண்டு. அவர் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. இந்தக் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.

எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர் இப்போதும் பின்கதவைத் தட்டுகிறார். நான் அவர் வீட்டில் தட்டுவதில்லை. வியாழக்கிழமைதோறும் போகிறேன், டீ ஊற்றுவார், உட்காருவேன். போனதும் அவளுடைய கையைத்தான் பார்ப்பேன். முதலில் சில வாரம் அவருக்குக் கோபம் வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். இப்போது நான் கதவைத் திறந்ததும், நான் கேட்பதற்கு முன்பே, அவரே மார்ஜரியின் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டு வெளிச்சத்துக்கு நேராகப் பிடிக்கிறார்.