வேலை முடிந்த பிறகு ஐந்து கிலோமீற்றர்

திருகோணமலையில் இரவு பத்து மணிக்கு மேல் நடந்து போகும் பெண்ணுக்கு மான்கள்கூட எழுந்து வழிவிடாது. இந்த நகரத்து மான்கள் மனிதருக்குப் பயப்படுவதை எப்போதோ விட்டுவிட்டன. நடு வீதியில் படுத்து அசைபோடும். நான்தான் சுற்றிப் போவேன். வந்த புதிதில் எனக்கு விசித்திரமாகப் பட்டது, மான்களைத் தவிர வேறு ஒருவரும் வீதியில் இல்லாததுதான். எங்கள் பக்கத்துக் கடைசி பஸ் ஏழரைக்கே போய்விடும். கொஞ்ச நேரத்தில் கடைகளும் கதவை இழுத்துவிடும். அதற்குப் பிறகு வெளியே நிற்கும் பெண்ணை இந்த ஊர் ஒரே கேள்விதான் கேட்கும்: "கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?" ஒருவரும் வரமாட்டார்கள் என்று சொன்னால் முகம் மாறிவிடும்.

நான் பிறந்தது தமிழ்நாட்டில், ஓர் அகதி முகாமில். அப்பாவும் அம்மாவும் திருகோணமலைக்கு வடக்கே இருக்கும் திரியாயிலிருந்து போர்க்காலத்தில் படகேறியவர்கள். அப்பா அங்கேயே இறந்துபோனார். இருபத்தெட்டு வயதில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் இங்கே வந்தபோது, கையில் தந்த படிவத்தில் 'திரும்பி வந்தவர்' என்று இருந்தது. ஒரு நாளும் கால் வைக்காத நாட்டுக்கு எப்படித் திரும்பி வருவது என்று கேட்டேன். நான் பகிடி விடுவதாக நினைத்து படிவம் தந்த அலுவலர் சிரித்தார். முகாமில் இன்னும் இருக்கிற உங்களுக்கும், என்னைப் போலவே 'திரும்பிய' ஆட்களுக்கும்தான் இதை எழுதுகிறேன். வேலை கிடைக்குமா, வீடு கிடைக்குமா என்று எல்லாரும் தொலைபேசியில் கேட்கிறீர்கள். வேலையிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்காமல்தான் வந்தேன்.

திரியாயில் அப்பாவின் காணி பற்றைக் காடாகக் கிடக்கிறது. அதை நம்பி உடனே சீவிக்க ஏலாது என்பதால் பாலையூற்றில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்தோம். எனக்கு வேலை துறைமுகப் பக்கத்தில், மீன் பதனிடும் ஒரு தொழிற்சாலையில். பின்னேரம் இரண்டு மணிக்குப் போக வேண்டும். எப்போது முடியும் என்பது படகுகளின் கையில். சூரை மீன் கூடுதலாக வந்தால் பதினொன்றரை ஆகிவிடும். அங்கிருந்து வீடு ஐந்து கிலோமீற்றர். ஓட்டோ பிடித்தால் அன்றைய உழைப்பில் பாதி போய்விடும். அந்த நேரத்தில் தெரியாத ஓட்டோவில் ஏறுவதும் ஒரு துணிச்சல்தான். அதனால் நடந்தேன். கையுறையைக் கழற்றினாலும் மீன் வாடை போகாது. அந்த வாடையோடு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ஓட வேண்டி வந்தால் செருப்பு தடுக்கும்.

தமிழ்நாட்டில் எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் நான்கு வருடம் நைட் ஷிப்ட் பார்த்தேன். அங்கே மில் பஸ் வரும். முகாம் முனையில் இறங்கும்போது டீக்கடையில் பாட்டு ஓடும், பரோட்டாக் கல்லில் சத்தம் கேட்கும், எந்த நேரத்திலும் பத்துப் பேராவது நிற்பார்கள். ஆனால் முகாம் வாசலில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார். எங்கே போனாய், ஏன் இவ்வளவு நேரம், கையெழுத்துப் போடு. நூற்பாலையில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு அவருக்கு முன்னால் நின்று, நான் வேலைக்குத்தான் போனேன் என்று ஒவ்வொரு நாளும் நிரூபிக்க வேண்டும். இனி அந்த நோட்டு இல்லை என்று நினைத்துத்தான் கப்பல் ஏறினேன்.

தொழிற்சாலை வாசலில் ஒரு வெள்ளை வான் எப்போதும் நிற்கும். அலுவலக ஆட்களையும் வெளியிலிருந்து வருகிற விருந்தாளிகளையும் ஏற்றுவதற்கு. ஒருநாள் சுப்பவைசரிடம் கேட்டேன்.

"லேட்டாகிற நாளில எங்களை அந்த வான்ல விட ஏலாதா?"

"வான் ஸ்டாஃபுக்கு. நீங்கள் உங்கட ஆம்பிளையளை வரச் சொல்லுங்கோ."

"எனக்கு அப்படி ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஏன் இந்த வேலைக்கு வந்தனீங்கள்?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் எரிந்தது. ஆம்பிளை இருக்கிறவளுக்கு ஏன் அந்த வேலை இவ்வளவு அவசரமாகத் தேவைப்படப் போகிறது?

பிறகு அந்த இரவு வந்தது. மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர், எனக்குப் பின்னால் மெதுவாக. பிறகு, "ஏறுங்கோ, கொண்டுபோய் விடுறம்" என்றான் பின்னால் இருந்தவன். நான் திரும்பவில்லை. முந்திப் போனார்கள், வளைந்து வந்தார்கள், மறுபடி பின்னால் வந்தார்கள். மூன்றாவது தடவை அவன் கை என் தோளில் கிடந்த பையில் பட்டது. நான் ஓடினேன். முன்னால் ஒரு காவலரணின் வெளிச்சம் தெரிந்தது. அங்கே இருந்த பொலிஸ்காரர் தமிழர் என்று கண்டதும் உயிர் வந்தது.

"சார், ரெண்டு பேர் பைக்ல பின்னாடியே வந்து பேசுனாங்க" என்றேன். மூச்சு வாங்கியதில் மில் தமிழ்தான் வாயில் வந்தது.

"ஏன் பேசினவை? நீங்கள் என்ன பிழை செய்தனீங்கள்?"

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. இங்கே ஒருவர் பேசினார் என்றால் ஏசினார் என்று அர்த்தம். வாய் பேசுவதற்கு இங்கே கதைப்பது என்றுதான் பெயர், 'ஆமாம்' என்பதற்கு 'ஓம்' என்பதுபோல. அம்மாவின் வாயில் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் பயத்தில் வந்தது அம்மாவின் தமிழ் அல்ல. நான் திருத்திச் சொல்வதற்குள் அவர் என் பேச்சைப் பிடித்துவிட்டார்.

"நீங்கள் இந்தியாவோ? பாஸ்போட் எங்க?"

அடையாள அட்டையை நீட்டினேன். டோர்ச்சைப் பிடித்து முன்னும் பின்னும் பார்த்தார். "பிறந்த இடம் இந்தியா எண்டு கிடக்கு" என்றார், நான் அதை அவரிடமிருந்து ஒளித்து வைத்ததுபோல. அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் அந்த மோட்டார் சைக்கிள் எங்களைக் கடந்து போனது. அவசரமே இல்லாமல். "அவங்கதான் சார்" என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அது தூரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி.

"இந்த நேரத்தில பொம்பிளை தனிய வரப்படாது" என்று சொல்லி அட்டையைத் திருப்பித் தந்தார்.

மிச்சத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. நினைவில் இருப்பது கோபம் மட்டும்தான். இரண்டு ஆண்கள் பின்தொடர்ந்தார்கள், பெயரும் பிறந்த இடமும் சொன்னது நான். எந்த நோட்டுப் புத்தகத்தை விட்டு வந்தேனோ, கடலுக்கு இந்தப் பக்கத்திலும் அதையே விரித்து வைத்திருக்கிறார்கள்.

அடுத்த நாள் மீன் வெட்டும் மேசையில் எனக்குப் பக்கத்தில் நிற்கும் ரிஃபாயா ராத்தாவிடம் சொன்னேன். கிண்ணியாக்காரி, நாற்பது வயதிருக்கும். முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். நாங்கள் எல்லாருமே அவரை அப்படித்தான் கூப்பிடுவோம். வேலை முடியப் பிந்துகிற நாட்களில் அவர் வீட்டுக்கே போவதில்லை. பொதி கட்டும் அறையில் காட்போட் பெட்டியை விரித்துப் படுத்துவிட்டு விடிய முதல் பஸ் எடுப்பார். ஏழு வருடமாக. நான் சொன்னதை எல்லாம் அவர் கையை நிறுத்தாமல் கேட்டார்.

"இத ராவைக்குக் கேட்டா ஒருத்தனும் கணக்கெடுக்க மாட்டான், புள்ள" என்றார். "மீன் வந்திருக்கிற நேரத்திலதான் கேக்கணும்."

வெள்ளிக்கிழமை மூன்று படகு ஒன்றாக வந்தது. பின்னேரம் நான்கு மணி, நல்ல வெயில். மேசை நிறையச் சூரை. ராத்தா கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு நான் வைத்தேன். பதினொரு பெண்கள், ஒவ்வொருவராக வைத்தோம். சுப்பவைசர் ஓடி வந்தார், பின்னால் தொழிற்சாலைக்குப் பொறுப்பான முகாமையாளரும் வந்தார்.

"என்ன இது? மீன் பழுதாப் போகப் போகுது."

"மீன் பழுதாப் போகும் எண்டு ஐஸ் போடுறீங்க" என்றார் ராத்தா. சத்தம் போடவில்லை. "எங்களுக்கு என்ன போடுறீங்க?"

"என்ன கதை கதைக்கிறியள்?"

"வீட்ட போற கதை, சேர். ராவைக்கு எங்கள ஆரு வீட்ட விடுறது? அதச் சொல்லுங்க, நாங்க வேலையத் தொடங்குறம்."

முகாமையாளர் எங்களைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். மீனைத்தான் கூடுதல் நேரம் பார்த்தார். கடைசியில், "இண்டைக்கு வான் வரும்" என்றார்.

"இண்டைக்கு மட்டுமா?" என்று கேட்டேன்.

"பிந்துற நாளெல்லாம்."

அப்படித்தான் வான் கிடைத்தது. அடுத்த கிழமை விளம்பரப் பலகையில் ஓர் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: பெண் ஊழியர்களின் நலன் கருதி நிர்வாகம் மனமுவந்து வழங்கும் போக்குவரத்து வசதி. மனமுவந்து. அந்தச் சொல்லை நான் இரண்டு தடவை வாசித்தேன். கூடவே பெயர்ப்பட்டியலும் இருந்தது. அதில் என் பெயருக்கு நேரே 'பாலையூற்று, பிரதான வீதி' என்றுதான் இருந்தது. எங்கள் வீட்டுக்குப் போகும் குறுகிய ஒழுங்கை வீதியிலிருந்து அரைக் கிலோமீற்றர் உள்ளே போகிறது. ஒரு விளக்கும் இல்லை.

முதல் வாரம் வான் என்னை ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டுக் கிண்ணியாப் பக்கம் போய்விட்டது. இரண்டாம் வாரம் ராத்தா முன் இருக்கைக்கு மாறி உட்கார்ந்தார். "உள்ளுக்குத் திருப்புங்க" என்றார். வானைத் திருப்பி எடுக்க அங்கே இடமில்லை என்றார் றைவர். அது உண்மைதான். "அப்ப லைட்ட உள்ளுக்குப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்க. இவ வீட்ட போய்ச் சேர்ந்தாத்தான் போறது." வானில் இருந்த மற்றப் பெண்கள் எல்லாருக்கும் தூக்கம், எல்லாருக்கும் இன்னும் தூரம் இருந்தது. ஆனாலும் காத்திருந்தார்கள்.

இப்போதும் அப்படித்தான் நடக்கிறது. வானின் வெளிச்சம் என் முதுகில் விழும். என் நிழல் எனக்கு முன்னால் நீளமாகப் போகும். ஆனால் ஒழுங்கை ஓரிடத்தில் வளைகிறது. அந்த வளைவோடு வெளிச்சம் நின்றுவிடும். வான் சத்தம் கேட்டு அம்மா அந்தப் பக்கத்திலிருந்து டோர்ச்சோடு வருவார். முழங்கால் வலியில் வாசற்படலைக்கு அப்பால் அவரால் வர ஏலாது. இரண்டு வெளிச்சத்துக்கும் இடையில் இருபது முப்பது அடி இருட்டை நான் தனியாகத்தான் கடக்க வேண்டும். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் பின்னாலிருந்து ராத்தாவின் குரல் கேட்கும்: "போயிட்டீங்களா?" முன்னாலிருந்து அம்மா கேட்பார்: "வந்திட்டியா?"

இருட்டில் நின்றுகொண்டு, இரண்டு பேருக்கும் கேட்கும்படி, நான் உரக்கச் சொல்கிறேன்: "ஓம்."