மூன்று தடவை பார்த்த படமும் நாலாவது தடவையும்

கார்பன் பேப்பரின் நீலம் விரல் நுனியில் ஒட்டியிருக்கும். சோப்பு போட்டாலும் போகாது. அந்த விரலோடுதான் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்போம்... புளிச்சோறும் மை வாசனையும் கலந்து ஒரு வாசனை வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் நான் தற்காலிக டைப்பிஸ்ட். திங்கட்கிழமை லஞ்ச் என்றால் சினிமா மட்டும்தான் பேச்சு. ஞாயிறு மேட்னி பார்த்துவிட்டு வந்து ஆளாளுக்கு ஒரு தீர்ப்பு சொல்வோம். சீனியர் டைப்பிஸ்ட் சுகுணா அக்கா கதையை நடித்தே காட்டிவிடுவார்.

அந்த வாரம் எல்லோரும் ஒரே படம். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கு மட்டும் இல்லை.

"இன்னாடி சொல்ற? பாட்டெல்லாம் எப்படி இருக்குது!"

"பாட்டு நல்லாதான்க்கா இருக்குது. காலேஜ்ல எல்லார் முன்னாலயும் ஹீரோ அந்தப் பொண்ண அறையறான். அடுத்த சீன்ல அவ புடவை கட்டி, பூ வச்சினு அவன் பின்னால போறா. அழக்கூட இல்லக்கா அவ..."

"சினிமாடி அது!"

சினிமாதான். ஆனால் அந்த அறை விழுந்தபோது தியேட்டரே விசில் அடித்தது. பெண்கள் பக்கத்திலும் சிரித்தார்கள். அதற்கப்புறம் எனக்குப் படத்தில் மனசு ஒட்டவே இல்லை.

சுகுணா அக்கா கை கழுவப் போகும்போது மெதுவாகச் சொன்னார். "வியாழக்கெழம உன்ன பாக்க வராங்க இல்ல? அங்க போய் இதெல்லாம் பேசி வைக்காத."

சொன்னதில் தப்பில்லை. அதற்கு முன் இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. ஒரு வீட்டில், 'பொண்ணு ஜாஸ்தி பேசுது' என்று சொல்லி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வந்தார்கள். போளூர்க்காரர்கள். மாப்பிள்ளை பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கூட அவருடைய அம்மாவும் தாய்மாமாவும். காபி கொடுத்துவிட்டு உட்கார்ந்தேன். பாவம், மாப்பிள்ளைதான் எதையாவது பேச வேண்டுமே என்று ஆரம்பித்தார்.

"படமெல்லாம் பாப்பீங்களா?"

"பாப்பேங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதே படத்தின் பெயரைச் சொன்னார். "மூணு வாட்டி பாத்துட்டேங்க. சூப்பர் இல்ல?"

ஒரு தலையாட்டல் போதும். அவர் தோளுக்குப் பின்னால் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை இன்றும் நினைவிருக்கிறது... 'ஆமான்னு சொல்லிடும்மா' என்பது போல.

"எனக்குப் புடிக்கலைங்க," என்றேன்.

"ஏங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதனால் சொன்னேன். அறை, விசில், புடவை, எல்லாம். தாய்மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சின்னப் பொண்ணு... ஏதோ தெரியாம..." என்று அப்பா இழுத்தார்.

"எனக்கும் அந்தப் படம் புடிக்கல," என்றது ஒரு குரல்.

மாப்பிள்ளையின் அம்மா. வந்ததிலிருந்து அதுதான் அவர் பேசிய முதல் வார்த்தை.

"இன்னாமா நீ! நல்லாக்குதுனுதானே சொன்ன?"

"நீ 'சூப்பர் இல்ல?'னு கேட்ட. ஆமான்னேன். எப்படி இருக்குதுனு நீ எங்க கேட்ட?"

கொஞ்ச நேரத்தில் கிளம்பினார்கள். "சொல்லி அனுப்பறோம்" என்றார் தாய்மாமா. அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. திங்கட்கிழமை லஞ்சில் நடந்ததைச் சொன்னேன். சுகுணா அக்கா திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. தன் பாக்ஸிலிருந்த வாழைக்காய் வறுவலை எல்லாம் எனக்கே தள்ளிவிட்டார்.

அடுத்த ஞாயிறு சாயங்காலம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அவரும் அவர் அம்மாவும் மட்டும். தாய்மாமா வரவில்லை.

உட்காரக்கூட இல்லை அவர். "நாலாவது வாட்டி பாத்துட்டு நேரா வரேங்க," என்றார். "அந்த சீன்ல எல்லாரும் அவனயே பாக்கறாங்க. நானும் மூணு வாட்டியும் அவனத்தான் பாத்தேன். அந்தப் பொண்ணு மூஞ்சிய இன்னிக்கிதான் பாத்தேன்."

அப்பா ஒன்றும் புரியாமல் நின்றார்.

"ஆனா பாட்டு நல்லாதான் இருக்குதுங்க. அத நான் விட்டுத் தர மாட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பாட்டு எனக்கும் புடிக்குங்க," என்றேன்.

அவ்வளவுதான். தை மாதம் கல்யாணம். எங்கள் ஊரிலேயே குடித்தனம்.

அதற்கப்புறம் நானும் அத்தையும் சேர்ந்து பார்த்த மேட்னிகளுக்குக் கணக்கே இல்லை. இடைவேளையில் ஆளுக்கொரு முறுக்கு. படம் விட்டு தேரடி வீதி வழியாக நடந்து வரும்போதே விவாதம் ஆரம்பித்துவிடும். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சிக்கினாலும் அத்தை நிறுத்த மாட்டார். "அந்த அப்பன்காரன் எதுக்குச் சாவணும்? அழ வைக்கிறதுக்கா?" பக்கத்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள்.

இப்போது இடைவேளையிலேயே படத்துக்கு இத்தனை ஸ்டார் என்று போனில் போட்டுவிடுகிறார்கள். பெண்பிள்ளைகள் தங்கள் பெயரிலேயே, பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று பளிச்சென்று எழுதுகிறார்கள். கீழே நாலு பேர் சண்டைக்கு வந்தாலும் அசருவதில்லை. படிக்கும்போது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது எனக்கு... சுற்றி எல்லோரும் பேசி முடிக்கும்வரை வாயை மூடிக்கொண்டிருந்த காலத்திலிருந்து வந்தவள் இல்லையா நான்.

போன வாரம் வீட்டில் ஒரு புதுப்படம் போட்டோம். அத்தைக்கு இப்போது காது கொஞ்சம் கம்மி. முடிந்ததும் இவர் டிவியை அணைத்துவிட்டு, நாற்காலியை அத்தை பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து சத்தமாகக் கேட்டார்.

"எப்படி இருந்துச்சும்மா?"

முக்கால் மணி நேரம் சொன்னார் அத்தை. இவருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்திருந்தது என்பது எனக்குத் தெரியும். குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.